இரட்டை இன்ஜின் படகு வேகம் இழந்தால்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

படகுக்குள் பொருத்திய இரண்டு இன்ஜின்கள், அவற்றின் சுழற்சியைக் கடத்தும் இரண்டு ஷாஃப்ட் (தண்டு), இரண்டு புரொப்பல்லர் என்று அமைந்த படகு வேகம் இழந்தால், பழுது தேடுபவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய இன்ஜினுக்குப் பக்கத்திலேயே அதே மாடலில், அதே வயதில் இன்னொன்று நிற்கிறது. எந்தக் கையேடும் தர முடியாத அளவுகோல் அது. இதில் இருக்கும் அழுத்தமும் வெப்பமும் ஓசையும் அதில் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே போனால் பெரும்பாலான பழுதுகள் பிடிபட்டுவிடும்.

ஆனால் அந்த அளவுகோலும் சில சமயம் ஏமாற்றும். இரண்டு இன்ஜின்களும் தள்ளுவது ஒரே படகைத்தான். இடப்பக்க இன்ஜின் வலு இழந்தால் படகு மெதுவாகிறது. அதனால் வலப்பக்கப் புரொப்பல்லருக்கு வந்து சேரும் நீரின் வேகம் குறைந்து, அதன் மேல் சுமை ஏறுகிறது. எந்தக் குறையும் இல்லாத வலப்பக்க இன்ஜினும் கொஞ்சம் சுற்று (நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) இழந்து, கொஞ்சம் கரும்புகையும் விடத் தொடங்கும். பார்க்கிறவர் இரண்டுமே கெட்டுவிட்டன என்று முடிவு கட்டி, டேங்கைக் காலி செய்யக் கிளம்பிவிடுவார். ஆகவே எது சுற்று இழந்தது என்பதோடு நிற்காமல், எது அதிகம் இழந்தது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள எல்லாச் சோதனைகளுக்கும் இதுவே அடிப்படை.

கருவிப்பெட்டியைத் திறக்கும் முன்

அலை இல்லாத நீரில், வழக்கமான சுமையோடு, இன்ஜின் வேகத்தைக் கூட்டும் இரண்டு லிவர்களையும் முழுதாகத் தள்ளி, சில நிமிடங்களில் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு இன்ஜின்களின் சுற்று, குளிர்நீரின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இருந்தால் அது தரும் காற்றழுத்தம், ஜிபிஎஸ் காட்டும் வேகம். நீரோட்டம் கணக்கைக் குழப்பாதபடி எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டி, வேகத்தின் சராசரியை எடுங்கள். இரண்டு குழாய்களின் புகையையும் ஒருவர் பின்பக்கம் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த எண்களை இன்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் முழுச் சுற்று எண்ணோடு ஒப்பிட வேண்டும். நிமிடத்துக்கு 2800 சுற்று என்று குறிக்கப்பட்ட டீசல் இன்ஜின் 2520 மட்டுமே எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்குதானே குறைவு என்று தோன்றும். புரொப்பல்லர் கேட்கும் வலு ஏறக்குறைய சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.73 வருகிறது. படகின் அடிப்பகுதியும் புரொப்பல்லரும் சுத்தமாக இருந்து இப்படி நடந்தால், அந்த இன்ஜின் தர வேண்டிய வலுவில் கால் பங்குக்கு மேல் காணவில்லை என்று பொருள். மெதுவாக ஓட்டும்போது குறை தெரியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். பாதிச் சுற்றில் புரொப்பல்லர் கேட்பது எட்டில் ஒரு பங்கு வலுதான். நோயாளி இன்ஜின்கூட அதைத் தந்துவிடும்.

அடுத்து, மீட்டரைச் சோதியுங்கள். பல டீசல் இன்ஜின்களில் சுற்று மீட்டருக்கான சைகை ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. அதன் பெல்ட் வழுக்கினால் இன்ஜின் சரியாகச் சுழன்றாலும் மீட்டர் குறைத்துக் காட்டும். கிராங்க் புல்லியில் ஒளிரும் நாடாத் துண்டை ஒட்டி, கையடக்க ஒளிக் கருவியால் அளப்பது உறுதியான வழி. கருவி இல்லையென்றால் காது போதும். இரண்டு இன்ஜின்களும் கிட்டத்தட்ட ஒரே சுற்றில் ஓடும்போது அவற்றின் ஓசை ஒன்றுசேர்ந்து அலைபோல ஏறி இறங்கும். ஒரு லிவரை மெல்ல நகர்த்தினால் அந்த ஏற்ற இறக்கம் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்போது இரண்டும் ஒரே சுற்றில் இருக்கின்றன. அந்த நேரத்தில் இரண்டு மீட்டர்களும் காட்டும் வித்தியாசம் மீட்டரின் பிழை. நான்கு வீச்சு, ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் நொடிக்கு ஒருமுறை ஓசை ஏறி இறங்கினால் உண்மையான வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 20 சுற்று. எளிமையும் துல்லியமும் இவ்வளவு பொருந்திய வேறு சோதனையை நான் அறியேன்.

மூன்றாவது, லிவர். இன்ஜின்களை நிறுத்திவிட்டு ஒருவர் மேலே லிவரை முழுதாகத் தள்ளட்டும். இன்னொருவர் கீழே இன்ஜினருகே நின்று, லிவரின் கேபிள் இழுக்கும் த்ராட்டில் கை அதன் நிறுத்தத் திருகைத் தொடுகிறதா என்று பார்க்கட்டும். கேபிள் நீண்டுபோய், சில மில்லிமீட்டர் முன்பே கை நின்றுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று. மின்னணு த்ராட்டில் என்றால் திரையில் 100 சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இன்ஜின்களின் சுற்றைத் தானாகச் சமன்செய்யும் கருவி இருந்தால், சோதனை முடியும் வரை அதை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் நல்ல இன்ஜினும் நோயாளியோடு சேர்ந்து இறங்கி நிற்கும்.

பெட்ரோல் இன்ஜின் என்றால் ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது 4 நிமிடம் காற்றோட்ட விசிறியை ஓட்டி, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

இரண்டு இன்ஜின்களும் ஏறக்குறைய ஒரே அளவு சுற்று இழந்திருக்கின்றன

இன்ஜின்களைத் தொடாதீர்கள். இரண்டு தனித்தனி இயந்திரங்கள் ஒரே வாரத்தில் ஒரே அளவு நோய்ப்படுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி நீருக்கடியில் இருக்கும். அடிப்பகுதியில் வழவழப்பாகப் பாசி படிந்தாலே வேகம் குறையும். கொட்டலசும் சிப்பியும் ஒட்டிவிட்டால் சொல்லவே வேண்டாம். அடிப்பகுதிக்கு வண்ணம் பூசி ஒழுங்காக வைத்திருப்பவர்களும் புரொப்பல்லரை மறந்துவிடுவார்கள். படகு ஓடாமல் சில வாரம் நின்றால், பூச்சு இல்லாத புரொப்பல்லர் இதழ்களில்தான் கொட்டலசு முதலில் குடியேறுகிறது. இதழின் மேல் பரவியிருக்கும் சில மில்லிமீட்டர் ஓடு, அடிப்பகுதி முழுவதும் உள்ள பாசியைவிட அதிகம் வேகத்தைத் தின்னும்.

பிறகு எடை. ஆயிரம் லிட்டர் டீசல் ஏறக்குறைய 840 கிலோ. அடித்தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கிய ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். நீர்மட்டத்தின் மேல் எழுந்து சறுக்கும் வகைப் படகுகளில் இது கடுமையாகத் தெரியும். எழும் கட்டத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு இன்ஜின்களும் அங்கேயே திணறி நிற்கும். சமீபத்தில் புரொப்பல்லர் மாற்றினீர்களா என்பதும் முக்கியமான கேள்வி. பிட்ச் (ஒரு சுழற்சியில் புரொப்பல்லர் கணக்குப்படி முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் கூடினால் முழுச் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை குறையும்.

இன்ஜின் அறைக்குப் போதிய காற்று வருகிறதா என்பது பலர் மறக்கும் கேள்வி. இரண்டு இன்ஜின்களும் ஒரே அறையிலிருந்து மூச்சு விடுகின்றன. காற்று வழியில் ஒலித்தடுப்புப் பஞ்சு சரிந்திருந்தாலும், பொருள்களை அடுக்கி மறைத்திருந்தாலும் இரண்டும் சேர்ந்து திணறும். சோதனை எளிது: முழுச் சுற்றில் ஓடும்போது இன்ஜின் அறை மூடியைச் சற்றுத் திறந்து பாருங்கள். சுற்று ஏறினால் விடை கிடைத்துவிட்டது. மூடியைத் திறக்கவே அதிக பலம் தேவைப்பட்டால், உள்ளே வெற்றழுத்தம் (வெளியைவிடக் குறைந்த காற்றழுத்தம்) இருப்பதற்கு அதுவே சாட்சி. திறப்பவர் தளர்ந்த உடையோடும் அவிழ்ந்த முடியோடும் பக்கத்தில் போகக் கூடாது.

ஒரே டேங்கிலிருந்து இரண்டும் குடித்தால் எரிபொருளும் பொதுவானதுதான். அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம். மலை ஏரியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும். அது பழுதில்லை.

ஸ்டார்ட் ஆகிறது, நன்றாக ஓடுகிறது, சில நிமிடம் வேகமாக ஓட்டியதும் சுற்று விழுகிறது

லிவரைப் பின்னுக்கு இழுத்துச் சற்றுப் பொறுத்தால் மறுபடி சரியாகிவிடும். மறுபடி வேகமாக ஓட்டினால் மறுபடி விழும். எரிபொருள் பற்றாக்குறையின் கையெழுத்து இது. டீசலில் இன்னொரு அடையாளமும் உண்டு: வலு குறைந்தும் புகை வராது. காற்று போதாதபோதும் சுமை மிகும்போதும் கரும்புகை வரும். எரிபொருளே போதாதபோது எரியாமல் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது.

முதல் வேலை, டேங்கை மாற்றிப் பார்ப்பது. இரண்டு டேங்குகளும் குறுக்கு வால்வுகளும் இருந்தால் இடப்பக்க இன்ஜினை வலப்பக்க டேங்கிலிருந்து ஓட்டுங்கள். பழுது டேங்கோடு போனால், குறை டேங்கிலோ அதன் உறிஞ்சு குழாயிலோ இருக்கிறது. பழுது இன்ஜினோடே தங்கினால், குறை வால்வுக்கு இன்ஜின் இருக்கும் பக்கம். திரும்பு குழாயின் வால்வையும் சேர்த்து மாற்ற மறக்காதீர்கள். டீசல் இன்ஜின் உறிஞ்சுவதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு டேங்கிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், ஒன்று காலியாகி மற்றது வழியும்.

அடுத்து, ஃபில்டரின் கீழ்க் கிண்ணத்திலிருந்து ஒரு தெளிவான கண்ணாடி ஜாடியில் எரிபொருளை இறக்கி, அசைக்காமல் வையுங்கள். நல்ல டீசல் ஒரே நிறத்தில், எதிர்ப்பக்கம் தெரியும்படி நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு, பிறகு ஒரு தட்டையான அடுக்காகச் சேர்ந்துவிடும். ஜாடியைச் சாய்த்தால் அந்த எல்லைக்கோடும் தனியே சாயும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது மிதந்தால், டேங்கில் நுண்ணுயிர் வளர்கிறது. அந்த நிலையில் ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் அது மறுபடி அடைக்கும். டேங்கைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் வேறு ஆபத்து: எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான்.

இனி வெற்றழுத்தக் கேஜ். முதல் ஃபில்டருக்கும் இன்ஜின் பம்புக்கும் நடுவே ஒரு கேஜைப் பொருத்தி ஓட்டுவதைப்போலத் தெளிவாகப் பேசும் சோதனை எரிபொருள் வழியில் வேறில்லை. புதிய ஃபில்டர், திறந்த வழி என்றால் முள் அதிகம் நகராது. முழுச் சுற்றில் அது 7 முதல் 10 அங்குலப் பாதரசம் வரை போனால் பல இன்ஜின்களுக்கு அது எல்லை. உங்கள் கையேடு சொல்வதே இறுதி. பிறகு இப்படி யோசியுங்கள்.

முள் அதிகம் காட்டி, புது ஃபில்டர் போட்டதும் இறங்கினால் ஃபில்டர்தான் காரணம். புது ஃபில்டர் போட்டும் இறங்கவில்லை என்றால் அடைப்பு அதற்கு முன்னால்: உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள வலை, பாதி மூடிய வால்வு, பெட்ரோல் படகில் டேங்கின் வாயில் உள்ள பின்னொழுக்குத் தடுப்பு வால்வு. இந்த வால்வில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு குண்டு இருக்கிறது. உப்பும் அழுக்கும் சேர்ந்தால் அது பாதி திறந்தபடி ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் தேவையான அளவு விட்டுவிடும், வேகத்தில் விடாது. ரப்பர் ஹோஸையும் சந்தேகியுங்கள். வெளியே புதிதுபோல இருக்கும் ஹோஸின் உள்தோல் பிரிந்து, உறிஞ்சும் இழுப்பில் மட்டும் மடங்கி அடைக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

முள் குறைவாகவே காட்டி, ஆனால் இன்ஜின் பட்டினி கிடக்கிறது என்றால் மூன்று சாத்தியம்: உறிஞ்சு வழியில் எங்கோ காற்று புகுகிறது, பம்ப் பலவீனம், அல்லது பம்புக்கு அப்பால் இன்ஜின்மேல் உள்ள இரண்டாவது ஃபில்டர் அடைத்திருக்கிறது. காற்று புகும் இடத்தில் எரிபொருள் வெளியே கசியாது. அதனால் கண்ணால் தேடிப் பயனில்லை. டீசல் இன்ஜினில் பம்புக்கு முன்னால் ஒரு முழம் ஒளிபுகும் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்திக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மூடியின் வளையமும் கிண்ணத்தின் வடிகால் திருகும் வழக்கமான திருட்டு வாசல்கள்.

டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான், ஆனால் தலைகாட்ட இன்னும் நேரம் பிடிக்கும். பழுது வந்த நிமிடத்திலேயே எரிபொருள் ஊற்றும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், இன்ஜின் உயிர்பெற்றால் அதுதான். குளவி கூடு கட்டியே இந்தத் துளை அடைபடுவதுண்டு.

முதல் ஃபில்டரில் 2 மைக்ரான் அளவுள்ளதைப் போட்டுவிட்டு அடிக்கடி அடைப்பதாக வருந்துபவர்கள் உண்டு. அந்த இடத்துக்கு 10 அல்லது 30 மைக்ரான்தான் வழக்கம். நுண்ணிய வடிகட்டல் இன்ஜின்மேல் உள்ள ஃபில்டரின் வேலை.

ஒரு இன்ஜின் மட்டும் எப்போதுமே முழுச் சுற்று எட்டுவதில்லை

இங்கேதான் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை உதவும். இடப்பக்க இன்ஜினை மட்டும் கியரில் போட்டு, மற்றதை நியூட்ரலில் விட்டு, முழு லிவரில் எட்டும் சுற்றையும் வேகத்தையும் குறியுங்கள். பிறகு வலப்பக்கத்தை மட்டும். தனியாக ஓடும் எந்த இன்ஜினும் முழுச் சுற்றை எட்டாது. முழுப் படகும் அதன் தலையில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அதே தண்டனைதான் என்பதால் ஒப்பீடு நேர்மையானது. எது குறைவோ அதுவே நோயாளி. சுமை மிகுந்த ஓட்டம் என்பதால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெப்பக் கேஜிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

நோயாளி தெரிந்ததும், குறை இன்ஜினிலா அதற்குப் பின்னால் ஷாஃப்டிலும் புரொப்பல்லரிலுமா என்று பிரிக்க வேண்டும். டர்போ டீசலில் புகையும் காற்றழுத்தமும் சேர்ந்து இதைச் சொல்லிவிடும். காற்றழுத்தம் மற்ற இன்ஜினுக்கு இணையாக இருந்து கரும்புகை வந்தால், இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது, சுமைதான் அதிகம்: புரொப்பல்லர், சுற்றிய கயிறு, இறுகிய பேரிங். காற்றழுத்தம் குறைந்து கரும்புகையும் வந்தால் காற்று வழியைப் பாருங்கள். காற்றழுத்தமும் குறைவு, புகையும் இல்லை என்றால் எரிபொருள் அல்லது த்ராட்டில்.

காற்று வழியில் ஏர் ஃபில்டர் முதலில். கிராங்க் அறையின் மூச்சுக்குழாய் விடும் எண்ணெய்ப் புகையில் நனைந்து, தூசியைப் பிடித்து அது கனத்திருக்கும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலான ஹோஸ் கிளாம்ப்பு தளர்ந்தால் சீறும் ஓசையும், கிளாம்ப்பைச் சுற்றி எண்ணெய் ஈரமும் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். பிறகு அடுத்த இன்ஜினின் டர்போவைச் சுற்றுங்கள். இதற்கு எண்ணே வேண்டாம், விரல் சொல்லிவிடும். அதிகம் ஓடாத படகுகளில் எக்ஸாஸ்ட் வழியே ஏறும் உப்பு ஈரத்தால் டர்பைன் பக்கம் துருப்பிடித்து இறுகுவது பரவலான நோய். காற்றைக் குளிர்விக்கும் கூலரின் காற்றுப்பக்கத் தகடுகளில் எண்ணெயும் தூசியும் அப்பிக்கொள்வதையும் மறக்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட் அடைப்பு தாமதமாகவே சந்தேகிக்கப்படுகிறது. கடல்நீர் கலக்கும் முழங்கைக் குழாயில் கரியும் உப்பும் சேர்ந்து, துளை பாதியாகச் சுருங்கியிருக்கும். எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸின் உள்தோல் கழன்று தொங்கினாலும் அதே விளைவு. முழங்கைக்கு முன்னால் உள்ள சோதனைத் துளையில் பின்னழுத்தத்தை அளந்து இரண்டு இன்ஜின்களையும் ஒப்பிடுங்கள். துளை இல்லையென்றால் முழங்கையைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதே வழி.

சுமைப் பக்கம் சந்தேகம் வந்தால், இரண்டு இன்ஜின்களையும் நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பிறகு அடுத்த ஷாஃப்டை. ஒன்று எளிதாக உருண்டு, மற்றது இறுகியிருந்தால் ஷாஃப்ட் நேர்க்கோடு தவறியிருக்கலாம், தண்ணீரில் நனைந்து ஓடும் ரப்பர் பேரிங் வீங்கியிருக்கலாம், கயிறு சுற்றியிருக்கலாம். சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது.

மாற்றிப் பார்க்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. எரிபொருள் வழி, சென்சார், மீட்டர், ஃபில்டர் இவற்றைப் பக்கம் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். புரொப்பல்லர்களை மாற்ற முடியாது. இரட்டை இன்ஜின் படகுகளில் வழக்கமாக ஒன்று வலச்சுழல், மற்றது இடச்சுழல். இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியையும் மாற்றாதீர்கள். அந்தந்த இன்ஜினின் இன்ஜெக்டர் அளவீடுகள் அதில் பதிந்திருக்கலாம்.

சுற்று ஏறுகிறது, படகு நகர மறுக்கிறது

இன்ஜின் வலு தருகிறது. நீருக்குப் போய்ச் சேரவில்லை. முழுச் சுற்றையும் தாண்டி எளிதாக ஏறுகிறதா? புரொப்பல்லர் இதழ் உடைந்திருக்கலாம், பை ஒன்று சுற்றியிருக்கலாம், கியர்பாக்ஸின் கிளட்ச் வழுக்கலாம், ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் பிணைக்கும் சாவிக்கட்டை முறிந்திருக்கலாம்.

உண்மையான சுற்றில் இரண்டும் சமமாக இருந்தும் சுக்கானை ஒரு பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்தால், படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் புரொப்பல்லர் குறைவாகத் தள்ளுகிறது. கூடவே அதிர்வும் இருந்தால் இதழ் வளைந்திருக்கிறது.

கிளட்ச் வழுக்கலைக் கண்டுபிடிக்க ஷாஃப்டிலும் ஒளிரும் நாடா ஒட்டி, எட்டி நின்று அளந்து, இன்ஜின் சுற்றோடு ஒப்பிடுங்கள். கியர் விகிதம் 2:1 என்றால் இன்ஜின் 2000 ஓடும்போது ஷாஃப்ட் 1000 ஓட வேண்டும். 900 என்றால் வழுக்குகிறது. விகிதத்தைப் பெயர்ப்பலகையில் படித்துக்கொள்ளுங்கள். சில கியர்பாக்ஸ்களில் இரண்டு திசைகளுக்கும் விகிதம் சற்று வேறுபடும். கியர்பாக்ஸைக் குற்றம் சொல்லும் முன் அதன் கேபிளைப் பாருங்கள். லிவர் கடைசி வரை போகாமல் நின்றால் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து, வழுக்கி, தன்னையே எரித்துக்கொள்ளும். கியர்பாக்ஸின் எண்ணெய் அளவுகம்பியை உருவி எண்ணெயை முகர்ந்தால் கருகல் வாசனை தெரியும்.

ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் ஏறவே மறுக்கிறது

ஒவ்வொரு முறையும் அதே எண்ணில், சுவர் வைத்ததுபோல நின்றால், மின்னணு இன்ஜினில் கணினிதான் கட்டுப்படுத்துகிறது. குளிர்நீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம், எரிபொருளில் தண்ணீர், குறைந்த மின்னழுத்தம் என்று ஏதோ ஒன்று பிடிக்காமல் இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கிறது. பிழைக்குறியீட்டை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு சொல்லும் சென்சாரை இரண்டு இன்ஜின்களுக்கும் இடையே மாற்றிப் போடுங்கள். புகாரும் கூடவே இடம் மாறினால் சென்சார் கெட்டது. மாறவில்லை என்றால் வயரிங்கிலோ இன்ஜினிலோ உண்மையாகவே குறை இருக்கிறது. பேட்டரி முனையும் தரை இணைப்பும் பச்சை பூத்திருந்தால், வேறெதையும் தொடும் முன் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

வெப்பம்தான் காரணம் என்றால் கடல்நீர் வரும் வழியை வெளியிலிருந்து உள்ளே பின்தொடருங்கள்: வால்வு, வடிகட்டி, பம்பின் ரப்பர் இம்பெல்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர். இம்பெல்லரில் ஓர் இதழ் குறைந்தால் புதியது போட்டதோடு விடாதீர்கள். காணாமல் போன துண்டு எங்கோ உள்ளே, பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில், தண்ணீரை மறித்தபடி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கும் வரை வேலை முடியவில்லை.

நடுங்கி ஓடுகிறது, வெண்புகை அல்லது நீலப்புகை

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று வைத்துத் தொடங்குங்கள். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக அடுக்கி, மற்ற இன்ஜினின் வரிசையோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் துருவேறியோ ஈரமாகவோ இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது. இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பழைய இயந்திரவகை டீசலில், மெதுவாக ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் செத்தது. பொதுக்குழாய் (காமன் ரெயில்) வகை நவீன டீசலில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். அதற்குக் கணினி வழிச் சோதனை இருக்கிறது.

சூடான பிறகும் தொடரும் வெண்புகை எரியாத டீசலாகவோ, சிலிண்டருக்குள் வரும் தண்ணீராகவோ இருக்கலாம். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. இந்தக் கட்டத்தில் அழுத்தச் சோதனை செய்யும் மெக்கானிக் தேவை. அவரிடம் நீங்கள் குறித்த எண்களைக் கொடுங்கள், அவருடைய பாதி வேலை முடிந்துவிடும். அகச்சிவப்பு வெப்பமானியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் காட்டிச் செத்த சிலிண்டரைத் தேடுவது கார் இன்ஜினுக்குச் சரி. படகு இன்ஜினின் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் அது ஏமாற்றும். அதே கருவி கியர்பாக்ஸ், முழங்கைக் குழாய், ஷாஃப்ட் பேரிங் இவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட மிகவும் உதவும்.

ஒற்றை இன்ஜினில் கரைக்குத் திரும்பும்போது

ஓடும் இன்ஜினின் லிவரை முழுதாகத் தள்ளாதீர்கள். அதிக சுமையில் அதுவும் சூடேறும். வெப்பம் வழக்கமான இடத்தில் நிற்கும் அளவுக்குக் குறைத்தே ஓட்டுங்கள். நின்றுபோன இன்ஜினை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதாக இருந்தால் முதலில் அதன் கடல்நீர் வால்வை மூடுங்கள். இன்ஜின் பிடிக்காமல் சுழலும் ஒவ்வொரு முறையும் பம்ப் தண்ணீரை எக்ஸாஸ்டுக்குள் தள்ளும். வெளியே தள்ள வாயு இல்லாததால் அது மஃப்ளரை நிரப்பி, சிலிண்டருக்குள் திரும்பிவிடும். பிடித்த உடனே வால்வைத் திறக்க ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

நின்ற இன்ஜினின் புரொப்பல்லரை நீரோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சில கியர்பாக்ஸ்கள் இதைத் தாங்கும், சிலவற்றில் எண்ணெய்ப் பம்ப் ஓடாமல் உள்ளே பேரிங் வறண்டுவிடும். உங்களுடையது எது என்று கையேட்டில் இப்போதே பார்த்து வையுங்கள். தாங்காத வகை என்றால் ஷாஃப்டை அசையாமல் பூட்ட வேண்டும். ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும், சொட்டாத வகை ஷாஃப்ட் சீல் இருந்தால் அதற்குக் குளிர்நீர் தருவது அந்த நின்ற இன்ஜின்தான். இரண்டு சீல்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் சுழலும் ஷாஃப்டில் சீல் தண்ணீரின்றிச் சூடாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பமானியைக் காட்டிப் பார்த்து, சூடு ஏறினால் வேகத்தைக் குறையுங்கள்.